கருகிய செருப்பும் அடைக்கலப் பட்டணமும்: லெ ஷாம்போன், 1940–44

1940-41 குளிர்காலத்தில் ஒரு நாள். பிரான்சின் மலைமேட்டு ஊர் ஒன்றில் குருமனையின் அடுப்படி. போதகரின் மனைவி மக்தா த்ரோக்மே அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டிருக்கிறார். கதவு தட்டும் சத்தம். திறந்தால், தலையிலும் தோளிலும் பனி படிந்து, நடுங்கிக்கொண்டே ஒரு பெண். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதப் பெண். உள்ளே வரலாமா என்று கேட்கிறாள். "அதற்கென்ன, வாருங்கள், உள்ளே வாருங்கள்" என்கிறார் மக்தா.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் அழகான ஞாயிறு பள்ளிக் கதை. பெரும்பாலும் அங்கேதான் நிறுத்துகிறார்கள். ஆனால் அந்த நாள் அதற்கு மேலும் நீண்டது. பெண்ணைச் சாப்பிட உட்கார வைத்துவிட்டு, அவளுக்கு ஏதாவது ஒரு அடையாளச் சீட்டு வாங்கலாம் என்று மக்தா ஊராட்சி அலுவலகத்துக்கு ஓடினார். ஒரு வெளிநாட்டுப் பெண்ணுக்காக ஊரையே ஆபத்தில் மாட்டிவிடப் பார்க்கிறீர்களா, நாளைக் காலைக்குள் அவள் இங்கே இருக்கக் கூடாது என்று அங்கே கடிந்துகொண்டார்கள். ஊரில் தங்கியிருந்த வசதியான பிரெஞ்சு யூதப் பெண்மணி ஒருவரிடம் போனார். இந்த வெளிநாட்டு யூதர்களால்தான் எங்களுக்கே தொல்லை என்று அவரும் கையை விரித்தார். வீடு திரும்பினால் கருகல் நாற்றம். நனைந்திருந்த செருப்பைக் காயட்டும் என்று அடுப்பில் வைத்திருந்தார்கள், அது எரிந்துபோயிருந்தது. செருப்புக்கும் பங்கீடு நடந்த காலம். பதிலுக்கு ஒரு ஜோடி தேடி மக்தா மறுபடியும் தெருவில் இறங்கினார். கடைசியில், தனக்குத் தெரிந்த வேறொரு வீட்டின் முகவரியைக் கொடுத்து அந்தப் பெண்ணை அனுப்பிவைத்தார்.

அவளை அனுப்பிவைத்தது மக்தாவின் மனதில் கடைசிவரை முள்ளாகக் கிடந்தது. ஆனால் நாஜிகளுக்குத் தப்பி வந்த யூதர்களை ஓர் ஊரே ஒளித்து வைத்த லெ ஷாம்போன் விவகாரத்தை எங்கே தொடங்க வேண்டும் என்று கேட்டால், நான் இந்தத் தோல்வியில்தான் தொடங்குவேன். அன்றைக்கு அவர் இரண்டு பாடம் படித்தார். ஒன்று, அதிகாரத்திடம் போய்க் கேட்காதே. கேட்டால் அவர்களுக்கு இல்லை என்று சொல்ல ஒரு வாய்ப்பைக் கொடுத்ததாக ஆகும். இன்னொன்று, ஒரு வீட்டுக்குள் மட்டும் நல்ல மனசு இருந்தால் போதாது. அடுத்த நான்கு ஆண்டுகளில் அந்த மேட்டு நிலம் செய்ததெல்லாம் இந்த இரண்டின் விரிவுதான்.

ஊர்

முழுப் பெயர் லெ ஷாம்போன்-சுர்-லினியோன். ஒட்-லுவார் மாவட்டத்தில், கிட்டத்தட்ட 1,000 மீட்டர் உயரத்தில், பைன் காடும் கருங்கல் வீடுகளுமாக இருக்கும் ஊர். நீண்ட, கொடிய குளிர்காலம். கத்தோலிக்க பிரான்சில் இது புராட்டஸ்டண்டுகள் செறிந்து வாழும் ஒரு தீவு. 1598இல் நாந்த் அரசாணை கொடுத்த வழிபாட்டு உரிமையை 1685இல் பதினான்காம் லூயி பறித்துக்கொண்டான். அதற்குப் பிறகு நூறு ஆண்டுகள், 1787 வரைக்கும், இவர்களுடைய முன்னோர் காட்டிலும் குகையிலும் கூடித்தான் ஆராதித்தார்கள். பிடிபட்ட போதகர்களுக்குத் தூக்கு. ஆண்களுக்குக் கப்பலில் துடுப்பு. மரி துராண்ட் என்ற பெண் தன் விசுவாசத்தை மறுதலிக்க மறுத்ததற்காக எக்-மோர்த் கோபுரச் சிறையில் 38 ஆண்டுகள் இருந்தாள். அங்கே கல்லில் கீறியிருக்கும் 'எதிர்த்து நில்' என்ற ஒற்றைச் சொல் இன்றைக்கும் இருக்கிறது. இந்தக் கதைகளை லெ ஷாம்போன் பிள்ளைகள் புத்தகத்தில் படிக்கவில்லை. பாட்டி மடியில் கேட்டார்கள்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. அது விசுவாசத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டதல்ல, ஆனால் நான் முன்னதைவிட இதற்குக் கூடுதல் எடை கொடுப்பேன். பக்கத்துத் தொழில் நகரமான சாந்த்-எதியேனின் தொழிலாளர் பிள்ளைகளை மலைக்காற்றுக்காக அழைத்துவந்து பண்ணை வீடுகளில் தங்க வைக்கும் ஏற்பாட்டை 1893இலேயே லூயி கொம்த் என்ற போதகர் தொடங்கியிருந்தார். கோடையில் விருந்தினர் விடுதிகள் நிறையும். அடையாளம் தெரியாத ஒரு பிள்ளை வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்வது அந்த ஊரில் ஆச்சரியமே இல்லை. ஊரார் அதற்குக் காசும் வாங்கிப் பழகியிருந்தார்கள். இதைச் சொல்ல ஏன் கூச்சப்பட வேண்டும்? பின்னால் ஒளிந்து வாழ்ந்தவர்களுக்கும் பல வீடுகளில் சாப்பாட்டுச் செலவு எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. அந்த 'எங்கிருந்தோ' முக்கியமான விஷயம். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆந்த்ரே த்ரோக்மே இங்கே போதகராக வந்தது 1934இல். பிறந்த ஊர் வட பிரான்சின் சான்-காந்தேன். அம்மா ஜெர்மானியர். முதல் உலகப் போரில் ஊர் ஜெர்மானியர் கையில் இருந்தபோது, ஆயுதம் எடுக்க மாட்டேன் என்றிருந்த ஒரு ஜெர்மன் படைவீரரைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பு அவரைப் போர் மறுப்பாளர் ஆக்கிவிட்டது. மக்தா பிறந்தது இத்தாலியின் ஃப்ளோரன்சில். இருவரும் சந்தித்தது நியூயார்க்கில். சக போதகர் எதுவார் தெய்ஸ். 1938இல் த்ரோக்மே இவரைத் துணைக்கு வைத்துத் தொடங்கிய பள்ளிதான், பின்னால் வேலை இழந்த ஆசிரியர்களுக்கும் அகதி மாணவர்களுக்கும் நிழலாக ஆனது.

ஒரு பிரசங்கம்

1940 ஜூன் 22. பிரான்ஸ் சரணடைந்து போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அதன் 19ஆம் பிரிவு, ஜெர்மனி கேட்கும் ஜெர்மன் அகதிகளைப் பிடித்து ஒப்படைக்க வேண்டும் என்றது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. லெ ஷாம்போன் ஆலயம் நிரம்பியிருந்தது. வாசல் கல்லில் 'ஒருவரிலொருவர் அன்பாயிருங்கள்' என்று பொறித்த ஆலயம் அது.

அன்று த்ரோக்மேயும் தெய்ஸும் சேர்ந்து தயாரித்த பிரசங்கத்தை இன்றைக்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். மனச்சாட்சியின்மேல் வரும் வன்முறையை ஆவியின் ஆயுதங்களால் எதிர்ப்பது கிறிஸ்தவரின் கடமை என்ற வரியைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். எனக்கு அதைவிட அதன் தொடக்கம் முக்கியம். அது எதிர்ப்பில் தொடங்கவில்லை, தாழ்மையில் தொடங்கியது.

ஏன் என்று புரிய, மூன்று நாள் முன்னே போக வேண்டும். ஜூன் 20ஆம் தேதி, தோற்ற பிரான்சின் புதிய ஆட்சித் தலைவர் மார்ஷல் பெத்தேன் வானொலியில் பேசினார். தியாக உணர்வை இன்ப நாட்டம் வென்றுவிட்டது, அதனால்தான் தோற்றோம் என்றார். அதாவது புதிய ஆட்சியும் தாழ்மையைத்தான் போதித்தது. மக்களே, நீங்கள் பாவம் செய்தீர்கள், இப்போது தலைகுனிந்து சொன்னபடி கேளுங்கள். ஒரு நாடே குற்ற உணர்வில் இருந்தபோது இது சுலபமாகத் தொண்டையில் இறங்கியது. பல ஆலயங்களிலும் இறங்கியது.

ஆகவே இரண்டு போதகர்களும் செய்த முதல் வேலை, இரண்டு தாழ்மைகளையும் பிரித்துக் காட்டியது. நம் பங்குக்கு நாம் செய்த தவறுகளுக்காக நம்மைத் தாழ்த்துவோம், சரி. ஆனால் மனமுடைந்துபோவதற்குத் தாழ்மை என்று பெயர் வைக்கக் கூடாது. அடுத்தவன் பாவத்தை எண்ணிக்கொண்டு அழுவது பாவ அறிக்கையும் ஆகாது. தேவனுக்கு முன் குனிகிறவன் அதனாலேயே மனிதனுக்கு முன் எதற்கெடுத்தாலும் குனிய வேண்டியதில்லை. கடைசியாக, சுவிசேஷத்துக்கு விரோதமான கீழ்ப்படிதலைக் கேட்டால் எதிர்ப்போம், அதைப் பயமில்லாமல் செய்வோம், அதே நேரத்தில் பெருமையும் வெறுப்பும் இல்லாமல் செய்வோம் என்றார்கள்.

பயமில்லாமல் என்பதை யாரும் சொல்லலாம். பெருமையில்லாமல் என்பதுதான் இந்த வழக்கின் கணு. நம்மூரில் தாழ்மை என்றால் சுவரொட்டியில் பெயருக்கு முன்னால் 'எளியவன்' என்று போட்டு, கூடவே ஆறடிப் படமும் போடுவது. லெ ஷாம்போனில் அது வேறு மாதிரி வேலை செய்தது. அது குணமாக இல்லாமல், ஒரு ஏற்பாடாகவே இருந்தது.

ஏற்பாடு

1940 அக்டோபரில் பெத்தேனின் விஷி அரசு யூதர்களுக்கு எதிரான சட்டத்தையும், வெளிநாட்டு யூதர்களை முகாமில் அடைக்கும் அதிகாரத்தையும் கொண்டுவந்தது. தெற்கே குர்ஸ், ரிவ்சால்ட் முகாம்கள் நிரம்பின. அந்த முகாம்களுக்குள் போய்ச் சேவை செய்கிறேன் என்று த்ரோக்மே மார்செய்யில், போரை மறுக்கும் கிறிஸ்தவர்களான குவேக்கர் சங்கத்தாரிடம் போனார். அவர்கள் வேறொன்று கேட்டார்கள். பெற்றோர் முகாமில் இருக்க, பிள்ளைகளை வெளியே எடுக்க எங்களால் முடியும், வைத்துக்கொள்ள ஓர் ஊர் வேண்டும், உங்கள் ஊர் தயாரா? முகாமுக்குள் போய்த் தியாகம் செய்ய வந்தவர், வீடு வாடகைக்குப் பிடிக்கிற வேலையோடு திரும்பினார்.

1941 முதல் விடுதிகள் வரிசையாகத் திறந்தன. சுவிஸ் உதவி அமைப்பின் லா கெஸ்பி, அதைத் தொடர்ந்து லாப்ரிக், ஃபைதோலி. சிமாத் என்ற புராட்டஸ்டண்டு இளைஞர் அமைப்பின் கொத்தோ ஃப்ளூரி. குவேக்கர் பணம், சுவிஸ் பணம். 1940 ஜூனிலேயே மேயர் பதவியை விட்டு விலகிய ஷார்ல் கியோன், ஜெனீவாவிலிருந்து எல்லை கடந்து கொண்டுவந்த பணம். மேலே சொன்ன 'எங்கிருந்தோ' இதுதான். இதற்கெல்லாம் த்ரோக்மே தலைவர் இல்லை. அவருக்குத் தெரியாமலே பாதி நடந்தது; தெரியாமல் இருப்பதே நல்லது என்று அவரும் விட்டுவிட்டார். பக்கத்துப் பண்ணைக்காரர் யாரை வைத்திருக்கிறார் என்று இவர் கேட்பதில்லை. இவர் வீட்டு மாடியில் யார் என்று அவரும் கேட்பதில்லை. பதின்மூன்று வேதபாடக் குழுத் தலைவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதகரைச் சந்தித்து, ஒரு பகுதியைப் படித்துவிட்டுப் போய் அவரவர் குழுவில் பேசுவார்கள். ஊர் முழுக்க நூலிழை ஓடியது அந்த வழியில்தான். பட்டியல் எதுவும் இல்லை.

பெருமைக்கு இடம் கொடுத்திருந்தால் இந்த ஏற்பாடு ஒரு மாதம்கூடத் தாங்கியிருக்காது. யார் எத்தனை பேரைக் காப்பாற்றினோம் என்ற கணக்கு எங்காவது ஓரிடத்தில் சேர்ந்திருந்தால், அது அப்படியே நாஜி ரகசியக் காவல்துறையான கெஸ்டாப்போவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

சுற்றுவட்டாரத்தில் தார்பியர்கள் என்ற ஒரு கூட்டம் உண்டு. பிரசங்கியார் கிடையாது, பிரசித்தம் கிடையாது, வேதத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்கிற விவசாயிகள். அவர்களுக்கு யூதர் என்றால் வேதத்தில் வரும் தேவ ஜனம். அந்த ஜனம் வாசலில் வந்து நின்றால் கேள்வி என்ன இருக்கிறது? கத்தோலிக்க வீடுகளும் திறந்தன. ஆட்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பும்போது 'பழைய ஏற்பாடு' இத்தனை பிரதிகள் அனுப்புகிறேன் என்று தகவல் போகுமாம். யூதர் என்று பொருள்.

மணி, மந்திரி, பேருந்து

1941 ஆகஸ்டில், மார்ஷலின் ஆணைப்படி ஆலய மணி அடிக்க வேண்டிய ஒரு நாள் வந்தது. மணி அடிக்கவில்லை. கோடைக்கு வந்திருந்த இரண்டு பெண்மணிகள் ஆலயத்துக்கே வந்து, ஏன் அடிக்கவில்லை என்று கோயில்பிள்ளை அமெலியைக் கேட்டார்கள். குள்ளமான, ஏழைப் பெண்மணி அவர். மணி மார்ஷலுடையது அல்ல, கடவுளுடையது என்றார். அவர்கள் தாங்களே போய் அடிக்கப் பார்த்தபோது வாசலை மறித்து நின்றார். போதகர் சொல்லிக்கொடுத்து நின்றதல்ல. பின்னால்தான் அவருக்கே தெரியவந்தது.

1942 ஜூலை 16, 17 தேதிகளில் பாரிஸ் காவல்துறை சுமார் 13,000 யூதர்களைப் பிடித்தது. ஆகஸ்டில் விஷி அரசின் இளைஞர் நலப் பொறுப்பாளர் ஜோர்ஜ் லமிரான் லெ ஷாம்போனுக்கு வந்தபோது, மேல் வகுப்பு மாணவர்கள் அவர் கையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். பாரிசில் நடந்தது எங்களுக்குத் தெரியும். எங்களிடையே யூதர்கள் இருக்கிறார்கள். நாங்கள் வித்தியாசம் பார்ப்பதில்லை, அது சுவிசேஷத்துக்கு விரோதம். நாடுகடத்த அவர்களுக்கு ஆணை வந்தால் அவர்கள் கீழ்ப்படிய மாட்டார்கள்; நாங்கள் முடிந்தவரை ஒளித்து வைப்போம். கூட வந்திருந்த மாவட்ட அதிகாரி ரொபேர் பாக், த்ரோக்மேயை மிரட்டினார். யூதர் என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியாது, எங்களுக்கு மனிதர்களைத்தான் தெரியும் என்பது த்ரோக்மேயின் பதில்.

கடிதம் கொடுத்தது புத்திசாலித்தனமா? எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. ஒளித்து வைக்கிறவன் நான் ஒளித்து வைக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பானா? பெருமையில்லாமல் என்று சொன்ன ஊர் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தியது இங்கேதான் என்று ஒருவர் வாதிட்டால் நான் மறுக்க மாட்டேன். மறுபக்கம், சொன்னவர்கள் பிள்ளைகள். ஒளிந்து செய்வது மட்டும் போதும் என்றால் அநியாயத்தை அநியாயம் என்று சொல்வது யார் வேலை?

சில வாரங்களில் பேருந்துகளோடு காவல்துறை வந்தது. பட்டியல் கேட்டார்கள், கிடைக்கவில்லை. குருமனைக்கு யாரோ ஒருவர் முன்கூட்டியே தொலைபேசியில் எச்சரிப்பது உண்டு. பெயர் சொல்ல மாட்டார். பிள்ளைகள் காட்டுக்குள் போய்விட்டார்கள். பல நாள் தேடலில் பேருந்தில் ஏறியது ஒரே ஒருவர். அவர் தனியாக உட்கார்ந்திருந்தபோது, போதகரின் மகன் தன்னிடம் இருந்த ஒரு துண்டு சாக்லேட்டை ஜன்னல் வழியாக நீட்டினான். அந்தக் காலத்தில் சாக்லேட் என்பது சும்மா இல்லை. அதைப் பார்த்து மற்றவர்களும் வீட்டுக்குப் போய், கையில் கிடைத்ததைக் கொண்டுவந்தார்கள். அவர் பக்கத்து இருக்கை நிரம்பியது. பின்னர் அவர் விடுவிக்கப்பட்டார்.

இரவு உணவு

1943 பிப்ரவரி 13 மாலை இரண்டு காவலர்கள் த்ரோக்மேயைக் கைது செய்ய வந்தார்கள். அவர் வீட்டில் இல்லை. காத்திருங்கள் என்று மக்தா உட்கார வைத்தார். கைதானால் எடுத்துப் போகட்டும் என்று முன்பே கட்டி வைத்திருந்த பெட்டி காலியாகக் கிடந்தது. குளிர் அதிகமாகி, உள்ளே இருந்த கம்பளி உடையெல்லாம் போட்டாயிற்று. த்ரோக்மே வந்ததும், சாப்பாட்டு நேரமாயிற்று, நீங்களும் உட்காருங்கள் என்று மக்தா காவலர்களுக்கும் தட்டு வைத்தார். பிற்காலத்தில் இதை மன்னிப்பு, அன்பு என்றெல்லாம் பெரிதாக்கிக் கேட்டவர்களிடம் அவர் சலித்துக்கொண்டார். சாப்பாட்டு நேரம், சாப்பாடு இருந்தது, வேறென்ன செய்வது?

செய்தி பரவி ஊர்ச்சனம் வந்தது. பத்திரப்படுத்தி வைத்திருந்த ஒரு டப்பா சார்டின் மீன், ஒரு மெழுகுவர்த்தி, ஒரு சுருள் கழிவறைக் காகிதம். முகாமில் அதைப் பிரித்துப் பார்த்தபோது, அதில் பென்சிலால் வேத வசனங்கள் எழுதியிருந்தன. போதகர் கையில் வேதாகமம் கொடுப்பது வழக்கம். இவர்கள் வசனம் எழுதிக் கொடுத்தது இதில்.

தெய்ஸும், ஊரின் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ரொஜே தார்சிசாக்கும் அதே நாளில் கைதானார்கள். மூவரையும் லிமோஜ் அருகே ஒரு முகாமில் ஒரு மாதத்துக்கு மேல் வைத்தார்கள். விடுதலை வந்தபோது ஒரு தாள் நீட்டினார்கள்: மார்ஷலின் ஆணைகளுக்குக் கீழ்ப்படிவேன் என்று கையெழுத்து. அரசு ஊழியரான தார்சிசாக் கையெழுத்திட்டார். மற்ற இருவரும் மாட்டோம் என்றார்கள். முகாம் தலைவருக்கு இவர்கள் பைத்தியமாகத் தெரிந்திருப்பார்கள். மறுநாள், கையெழுத்து இல்லாமலே வெளியே போகச் சொல்லி உத்தரவு வந்தது. கையெழுத்திட்டவரை மற்ற இருவரும் தள்ளி வைக்கவில்லை. வெறுப்பில்லாமல் என்பதை எதிரியிடம் காட்டுவது ஒரு வகை. தன்னைவிடக் கொஞ்சம் முன்னதாக வளைந்துகொடுத்த தோழனிடம் காட்டுவது அதைவிடக் கஷ்டம்.

பொய்யைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊரில் போலி அடையாள அட்டைகள் தயாரானது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். அதில் கைதேர்ந்தவர் நீஸிலிருந்து வந்த யூத இளைஞர் ஒஸ்கார் ரொசோவ்ஸ்கி. தட்டச்சும் முத்திரையும் தேனீப் பெட்டிக்குள் ஒளிந்திருக்கும். உயிர் காக்கும் பொய் பாவமா? த்ரோக்மே கடைசிவரை இதில் நிம்மதியாக இல்லை. 1943 கோடைக்குப் பிறகு அவரே போலிப் பெயரில் தலைமறைவாக வாழ வேண்டியிருந்தது. லியோன் ரயில் நிலையத்தில் ஒருமுறை பிடிபட்டபோது, நேராகப் பெயர் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவது என்றே முடிவு செய்துகொண்டு நின்றார். கேட்பதற்குள் மகனோடு நழுவிவிட முடிந்தது. இந்த மனப்போராட்டத்தைப் பலவீனம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொய் சொல்வது பழகிப்போகாத ஒருவர்தான் போலி அட்டை கொடுக்கத் தகுந்தவர்.

தோற்ற இடம்

1943 ஜூன் 29 காலை கெஸ்டாப்போ மெசோன் தே ரோஷ் என்ற மாணவர் விடுதியைச் சூழ்ந்தது. வயது வந்த இளைஞர்கள், ஒரே கூரைக்குக் கீழே, ஊருக்குச் சற்று வெளியே. மற்ற இடங்களில் காப்பாற்றிய சிதறல் இங்கே இல்லை. மாணவர்கள் 18 பேரைப் பிடித்தார்கள். விடுதிப் பொறுப்பாளர் தானியேல் த்ரோக்மே, ஆந்த்ரேயின் உறவினர். அப்போது அவர் தன் பொறுப்பில் இருந்த வேறொரு சிறுவர் இல்லத்தில் இருந்தார். தேடி வருகிறார்கள் என்று தெரிந்தும் காட்டுக்கு ஓடவில்லை. தன் மாணவர்களிடம் போய்ச் சேர்ந்தார். இந்த வேலைக்கு வரும்போது, இது சாகசத்துக்காக அல்ல, என்னைப் பற்றி நானே வெட்கப்படாமல் இருக்கத்தான் என்ற பொருளில் பெற்றோருக்கு எழுதியிருந்தார். 1944 ஏப்ரலில் மாய்தானெக் முகாமில் இறந்தார்.

அன்று காலை மக்தா அங்கே போய் நின்றார். ஆற்றில் மூழ்கிக்கொண்டிருந்த ஒரு ஜெர்மன் படைவீரரைச் சில வாரம் முன்பு காப்பாற்றியிருந்த ஸ்பானிய மாணவர் ஒருவரும் பிடிபட்டிருந்தார். ஆம், காயம்பட்டுத் தேறும் ஜெர்மன் வீரர்கள் அதே ஊரின் விடுதியில் தங்கியிருந்தார்கள். மக்தா நேராக அங்கே போய், நீங்களே வந்து சாட்சி சொல்லுங்கள் என்று அழைத்துவந்தார். அந்த ஒரு மாணவர் தப்பினார்.

ஊர் மருத்துவர் ரொஜே லெ ஃபொரெஸ்தியேயை 1944 ஆகஸ்ட் 20இல் லியோன் அருகே மற்றக் கைதிகளோடு சுட்டுக் கொன்றார்கள்.

யாருக்குப் புகழ்

எத்தனை பேர் தப்பினார்கள்? வழக்கமாகச் சொல்வது, அகதிகள் 5,000, அதில் யூதர்கள் 3,000க்கு மேல். குறைவாகச் சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. பட்டியல் வைக்காத ஊரிடம் கணக்குக் கேட்டால் இப்படித்தான். பிரான்சிலிருந்து சுமார் 76,000 யூதர்கள் நாடுகடத்தப்பட்டார்கள் என்பது நினைவில் இருந்தால், இந்த மேட்டு நிலத்தின் எண்ணைக் கூட்டிச் சொல்லவும் குறைத்துச் சொல்லவும் கொஞ்சம் கூசும்.

இன்னொரு சண்டையும் நடக்கிறது. த்ரோக்மேயைச் சுற்றியே கதை சொல்லி, மற்றப் போதகர்கள், கத்தோலிக்கர், சுவிஸ்காரர், யூத அமைப்புகள், ஆயுதம் எடுத்த எதிர்ப்பாளர் எல்லோரையும் மறைத்துவிட்டார்கள் என்கிறார்கள். நியாயமான குறை. கண்டும் காணாமல் இருந்த அதிகாரிகளின் பங்கும் இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. மிரட்டிய பாக் கூடப் பல நேரம் மேலிடத்துக்கு அடக்கி வாசித்தவர் என்ற வாதம் உண்டு. 1990இல், யூத இனப்படுகொலைக்கான இஸ்ரேலின் நினைவு அமைப்பான யாத் வஷேம் தனி மனிதர்களோடு நிற்காமல் லெ ஷாம்போனுக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் சேர்த்தே மரியாதை செய்தது. அந்த அளவில் அது சரியான முகவரி.

விடுதலைக்குப் பிறகு நடந்த ஒன்றை நினைவு விழாக்களில் அதிகம் கேட்டதில்லை. பிடிபட்ட ஜெர்மன் கைதிகளை ஊருக்கு அருகே அடைத்து வைத்திருந்தார்கள். த்ரோக்மே ஞாயிறு காலையில் தன் சபைக்குச் செய்த அதே பிரசங்கத்தை, அம்மாவிடம் கற்ற ஜெர்மன் மொழியில், மாலையில் அவர்களுக்கும் போய்ச் செய்தார். கொலைகாரர்களுக்குப் போய்ப் பிரசங்கமா என்று ஊரில் சிலருக்குக் கோபம். தங்களுக்கு அறிவுரை சொல்ல இவர் யார் என்று கைதிகளுக்கும் கோபம். அடுத்த ஞாயிறும் போனார்.